அகலம் அளந்த நவரத்தினம் அண்ணன்

"பாக்கியம் அத்தை, அப்பா போயிட்டாரு" என்று நவரத்தினம் அண்ணனின் மகன் தொலைபேசியில் சொன்னபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"நேத்துத்தானேப்பா பேசினேன். நல்லாத்தானே இருந்தாரு?" என்றேன்.

"ஆமா அத்தை. காலையில காப்பி கேட்டாரு. கலக்கி எடுத்துட்டு வந்தேன். அதுக்குள்ள…"

தொலைபேசியை வைத்தேன். திரும்பிப் போய் மிச்ச மீனையும் கழுவினேன். யார் சாப்பிட என்று தெரியாமல் கழுவினேன். கை வேலையை நிறுத்தினால் நான் கீழே விழுந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

அவரை அறிந்தவர்கள் இந்தப் பினாங்கில் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. எழுத்தை நானாகத் தேடிப் பிடித்தவள். எனவே பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லும் விஷயத்தில் பிழை இருப்பதாக யாராவது வந்தால் நான் பொறுக்க மாட்டேன். உங்களில் சிலர் அவர் முதுகுக்குப் பின்னால் "ஜப்பான்காரன் காலைப் பிடித்தவர்" என்று சொன்னீர்கள். அவர் உடலுக்கு நீர்மாலை எடுத்த சாவு வீட்டிலும் ஒருவர் அதை மெல்லச் சொன்னார். எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

காலைப் பிடிப்பதுதான் அவர் வேலை. ஜப்பான் சண்டைக்கு முன்பு ஜார்ஜ் டவுனில் ஒரு வெள்ளைக்காரரின் சப்பாத்துக் கடையில் அவர் அளவெடுப்பவராக இருந்தார். நான் அதே கடையில் கூட்டித் துடைத்துப் பெட்டி அடுக்கும் வேலையில் இருந்தேன். யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக் குடும்பத்துப் பிள்ளை அவர். சர்க்கார் கந்தோர் உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தோலையும் அடுத்தவர் காலையும் தொடுகிறார் என்று அவர் வீட்டில் பெரிய மனக்குறை. ஒருநாள் அவருடைய தகப்பனார் கடை வாசலிலேயே வந்து நின்று, "கண்டவன் காலெல்லாம் உன்ர மடியில. இதுக்கோ உன்னைப் படிப்பிச்சனான்?" என்று கேட்டார். அண்ணன் மடியில் ஒரு துரையின் கால் அப்போதும் இருந்தது. தலையை நிமிர்த்தாமலே, "ஐயா, கால் இல்லாம ஒருத்தரும் கந்தோருக்குப் போறேல்லை" என்றார். அந்தத் துரை ஒன்றும் புரியாமல் சிரித்தார். தகப்பனார் அதன்பிறகு கடைப் பக்கம் வரவில்லை.

எனக்கு எழுத்து வந்தது அந்தப் பெட்டிகளிலிருந்துதான். பெட்டியின் ஓரத்தில் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண் நீளத்துக்கு என்பது பார்த்தவுடன் விளங்கிவிட்டது. எழுத்து எதற்கு என்று விளங்க எனக்கு நாள் பிடித்தது. ஒரே எண் போட்ட இரண்டு சப்பாத்துகளை அடியோடு அடி சேர்த்து வைத்துப் பார்த்தேன். நீளம் ஒன்று, வயிறு வேறு. அப்போதுதான் புரிந்தது. எனக்கு 'ஏ' என்றால் எலும்பும் தோலுமான கால். 'ஈ' என்றால் கொஞ்சம் சதைப்பிடிப்பு. 'எச்' என்றால் அப்பம் போல் பரந்த கால். இன்றைக்கும் ஆங்கில எழுத்துகள் என் கண்ணுக்கு ஒல்லியும் தடியுமாகத்தான் தெரிகின்றன.

ஆனால் அந்த எழுத்துகள் நாட்டுக்கு நாடு பொய் சொல்லும். இங்கிலாந்துச் சப்பாத்தில் 'டி' என்றால் ஒடுக்கம். அமெரிக்கச் சப்பாத்தில் அதே 'டி' சாதாரண ஆண்பிள்ளைக் கால். இங்கிலாந்துக்காரர் அதை 'எஃப்' என்பார். ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலிருந்து வரும் பெட்டிகள் பலவற்றில் நீளத்துக்கு மட்டும் எண் இருக்கும், அகலத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது. அகலம் என்று வாயால் சொல்கிறோமே தவிர, அளப்பது சுற்றளவை. பெருவிரல் மூட்டையும் சுண்டுவிரல் அடியையும் சேர்த்து நாடாவைச் சுற்றி எடுப்பார்கள். சுற்றளவு கால் அங்குலம் கூடினால் அடுத்த எழுத்து. அண்ணன் ஆளை நிற்க வைத்துத்தான் அளப்பார். "இருக்கிற கால் பொய் சொல்லும், நிக்கிற கால்தான் உண்மை சொல்லும்" என்பார்.

ஒரு துரைசாணி, தன் காலுக்கு 'பி' போதும் என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டாள். அண்ணன் பெட்டியின் எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு சரியான சப்பாத்தைப் போட்டுவிட்டார். அவள் நடந்து பார்த்து, "இதுதான் என் பி" என்று மகிழ்ந்து போனாள். அவள் போன பிறகு, "காலுக்கு வெக்கம் இல்லைப் பிள்ளை. வெக்கமெல்லாம் எழுத்துக்குத்தான்" என்றார்.

பிறகு குண்டு விழுந்தது. வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்களை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்கள். எங்கள் முதலாளி கடையைப் பூட்டக்கூட நிற்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். அண்ணன் கடைக் கதவுக்குக் குறுக்கே அலமாரியைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளேயே கிடந்தார். கொள்ளைக்கு வந்தவர்கள் கல்லெறிந்து போனார்கள். ஜப்பான்காரர்கள் வந்தபோது சரக்கு அப்படியே இருந்தது. அதுதான் அவருக்கு வினையாகிவிட்டது.

ஓர் அதிகாரி வந்து எல்லாவற்றையும் தங்கள் அளவுக்கு மாற்றிப் பிரித்து வைக்கச் சொன்னான். அவர்களுடைய நீளக் கணக்கு 'மோன்'. பழைய காசுகளை வரிசையாக அடுக்கி எண்ணியது போன்ற கணக்கு அது. அகலத்துக்குப் பக்கத்தில் ஒரு சித்திர எழுத்து இருக்கும். அண்ணன் அவர்கள் காலில் கிடந்த சப்பாத்துகளைக் கழற்றி வாங்கி அளந்து பார்த்து அதைக் கற்றுக்கொண்டார். முதல் நாள் ஒரு பெட்டி மாறிப்போனதற்குக் கன்னத்தில் அறை வாங்கினார். கன்னம் வீங்கியபடியே அடுத்த பெட்டியைத் திறந்தார். இதைத்தான் நீங்கள் காலைப் பிடித்தது என்கிறீர்கள். முடியாது என்றவர்களின் கதி என்ன ஆனது என்று நாம் எல்லாரும் சந்தியில் பார்த்தோமே, மறந்துவிட்டீர்களா?

அவர்கள் கால் அகலமானது. ஆகவே 'எஃப்' முதல் மேலே எல்லாம் பட்டாளத்துக்குப் போயிற்று. அதற்குக் கீழே உள்ள ஒடுக்கமான எழுத்துகள் தோலுக்காகப் பிரிக்கப்பட வேண்டும் என்று உத்தரவு. அவற்றை மூலையில் குவித்து வைத்திருந்தோம். அவையும் பட்டாளத்துச் சொத்துதான். ஒரு வாரைக்கூட நாங்கள் தொடக்கூடாது.

என் தம்பி மாரிமுத்து துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. சுங்கை பினாங்கில் ஓர் அறையில் அவனும் நானும்தான். ஜப்பான்காரனுக்குக் கங்காணி கொடுத்த பெயர்களில் அவன் பெயரும் இருந்தது. சயாமில் ரயில் பாதை போடுகிற வேலை, சில மாதத்தில் திரும்பலாம் என்றார்கள். அங்கிருந்து தப்பி வந்த ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டில் ஒளிந்திருந்தார். அவர் சொன்னார்: "காட்ட வெட்டினா மூங்கில் கட்டை ஈட்டி மாதிரி நிக்கும். கால்ல குத்துச்சுன்னா அந்தப் புண்ணு ஆறாது. புண்ணு வந்தவன் திரும்ப மாட்டான்."

மறுநாள் காலையில் லாரி. நான் அன்று மத்தியானம் அண்ணனிடம் போய், "தம்பிய சயாமுக்குக் கூப்பிட்டாங்கண்ணே. அவன் வெறுங்கால்ல போறான்" என்றேன். சப்பாத்து வேண்டும் என்று கேட்க எனக்கு நா எழவில்லை. கேட்டால் அவர் கழுத்தைக் கேட்பதுபோல.

அவர் வாசலை ஒருமுறை பார்த்தார். "பின்பக்கத்தால கூட்டிக்கொண்டு வா" என்றார்.

மாரி வந்தான். பிறந்ததிலிருந்து காலில் எதுவும் போட்டவன் அல்ல. "எனக்கு எதுக்குண்ணே சப்பாத்து? தொர மாதிரி நடக்கச் சொல்றீங்களா?" என்று சிரித்தான்.

"துரை மாதிரி நடக்க வேண்டாம். திரும்பி நடந்து வந்தாப் போதும். எழும்பி நில். பாரத்தைக் காலில போடு."

"கூசுது லா, அண்ணே!"

"சிரியாம நில்லடா."

நாடாவைச் சுற்றினார். இரண்டாம் முறையும் சுற்றினார். கால் பார்க்க அகலமாகத்தான் இருந்தது. ஆனால் புறங்கால் தட்டை. அதனால் சுற்றளவு நினைத்ததைவிடக் குறைவாக வந்தது. அவர் குவியலுக்குள் கையை விட்டு ஒரு பெட்டியை இழுத்தார். 'டி' என்று போட்டிருந்தது. ஒடுக்கம் என்று எண்ணி ஜப்பான்காரன் விட்டுப்போன பெட்டி. ஆனால் அது அமெரிக்கப் பெட்டி. அந்தக் குவியலில் ஆண்பிள்ளை ஒருவன் போடக்கூடிய சப்பாத்து அது ஒன்றுதான். அது அங்கே கிடப்பது அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. யாருக்காக விட்டுவைத்தார் என்று நான் கேட்கவில்லை.

மாரி அதைப் போட்டுக்கொண்டு சேவல் போலக் கடைக்குள் நடந்தான்.

"கடிக்குதோ?" என்றார் அண்ணன்.

"கடிக்கல. பிடிச்சு வெச்ச மாதிரி இருக்கு."

"புதுசு அப்பிடித்தான். தோல் இளகும்."

மறுநாள் லாரியில் நின்றுகொண்டு மாரி ஒரு காலைத் தூக்கிக் காட்டினான். அவனை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான். சுற்றிலும் நின்றவர்கள் எல்லாரும் வெறுங்கால். என் தம்பி மட்டும் சப்பாத்துக் காலோடு போகிறான் என்று எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமைக்காக இப்போதும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

மாதங்கள் போயின. மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாங்கள் உயிரோடு இருந்தோம். அண்ணன் தினமும் கடைக்குள் வரும்போது, "சேதி ஏதும்?" என்பார். "இல்லண்ணே" என்பேன். தனக்குக் கொடுத்த அரிசியில் பாதியை எனக்கு முடிந்து தருவார். இதையும் நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். நானும் அவரும் சொல்லவில்லை.

ஜப்பான்காரன் தோற்ற பிறகு மாரியோடு போன துறைமுகத்து ஆள் சின்னக்கண்ணு திரும்பி வந்தார். போனபோது மலை மாதிரி இருந்தவர். வந்தபோது ஒரு கம்பில் சட்டை மாட்டியது போல் இருந்தார். மாரி இல்லை என்பதை அவர் முகமே சொல்லிவிட்டது. நான் அவரைக் கையைப் பிடித்து அண்ணனிடம் கூட்டிப்போனேன். நான் மட்டும் கேட்டுத் தாங்குகிற காரியமாக அது இல்லை.

சின்னக்கண்ணு சொன்னார்: "அங்க எல்லாருக்கும் கால் வீங்கும். வெறும் சோறு, அதுல ஒரு சத்தும் இல்ல. மாரிக்கும் வீங்கிச்சு. கழட்டிடுடான்னேன். மாட்டேன்னான். எங்கக்கா அண்ணன்கிட்ட கேட்டு வாங்கிக் குடுத்ததுன்னு சொன்னான். சப்பாத்து இறுக்கிச்சு. தகரத் துண்டு ஒண்ண எடுத்துப் பக்கத்துல கிழிச்சு விட்டுக்கிட்டு வேலைக்கு வந்தான்."

அண்ணன் கேட்டார்: "எந்தப் பக்கம் கிழிச்சவன்?"

"என்னண்ணே?"

"சப்பாத்தை எந்தப் பக்கம் கிழிச்சவன்? பெருவிரல் பக்கமோ, சுண்டுவிரல் பக்கமோ?"

சின்னக்கண்ணு என்னைப் பார்த்தார். பிறகு, "சுண்டுவிரல் பக்கம்" என்றார்.

"ரெண்டு காலிலயுமோ?"

"ஆமா."

"புண் எங்க வந்தது?"

சின்னக்கண்ணு மறுபடி என்னைப் பார்த்தார். நான்தான், "சொல்லுங்க" என்றேன். "அங்கதான் வந்துச்சு" என்றார்.

அளவெடுக்கும்போது உட்காருகிற முக்காலியில் அண்ணன் உட்கார்ந்தார். "நாடா சுத்தளவைச் சொன்னது. பரப்பை அது சொல்லாது. தட்டைக் கால். கண்ணால பார்த்தனான். பார்த்தும் நாடாவை நம்பிப்போட்டன்" என்றார்.

"அண்ணே, சப்பாத்து இல்லாதவன்லாம் அவனுக்கு ரொம்ப முன்னாடியே செத்தான். அவன் அத்தன நாள் நடந்தானே" என்று சின்னக்கண்ணு கெஞ்சினார். அண்ணன் காதில் அது விழவில்லை. கைகள் இரண்டையும் பாதம் போல் விரித்துத் தொடையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

என் தம்பி செத்த செய்தி வந்த அன்று நான் அழவில்லை. அவரோடு சண்டை போட்டேன். "வீங்கின கால்ல எந்தச் சப்பாத்து நுழையும்? எச் குடுத்திருந்தா நுழைஞ்சிருக்குமா? உங்ககிட்ட எச் இருந்துச்சா? சோறு போடாதவன விட்டுட்டு சப்பாத்துக் குடுத்தவர் பழிய ஏத்துக்குவாரா?" என்று கத்தினேன். அவர், "ஓம் பிள்ளை, ஓம்" என்றார். ஒப்புக்கொண்டு சொன்ன ஓம் அல்ல. என் வாயை அடைக்கச் சொன்ன ஓம்.

அதற்குப் பிறகு கடை மறுபடி திறந்தது. வேறு முதலாளி. அண்ணன் நாடாவோடு நிறுத்தவில்லை. ஒவ்வொருவர் காலையும் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, அகலத்தைத் தனியாக அளந்தார். துறைமுகத்து ஆள் ஒருவர், "என்னண்ணே, கால வரையிறீங்க, ஜாதகம் பாக்கவா?" என்று கேலி செய்தார். "ஓம். எங்க போகப்போறீர் எண்டு பாக்கிறன்" என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். நான் உள்ளே போய்விட்டேன்.

அந்தக் காலத்தில்தான் கோயில் கமிட்டியில் அவரைச் சேர்க்கலாம் என்று பெயரை எடுத்தபோது ஒருவர் எழுந்து, "ஜப்பான்காரனுக்குச் சப்பாத்து எடுத்துக் குடுத்தவரு நமக்கு வேணுமா?" என்றார். பெண்கள் பேசாத கூட்டம் அது. நான் பேசினேன். "அவரு சப்பாத்து எடுத்துக் குடுத்த ஆளுங்கள்ல என் தம்பியும் ஒருத்தன்" என்றேன். அண்ணன் எழுந்து வெளியே போனார். அவருக்காகப் பேசுகிறேன் என்று நினைத்தேன். அவரோ அதைக் குற்றப்பத்திரிகை போலக் கேட்டிருக்கிறார். அதன்பிறகு கோயிலில் வெளிப்பிராகாரத்தோடு நின்றுகொண்டார். கமிட்டி ஒருநாளும் அவரைக் கூப்பிடவில்லை. அந்தக் கமிட்டிக்கு நான் இன்றுவரை ஒரு காசு எழுதியதில்லை, இனியும் எழுத மாட்டேன்.

எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருவார். வாசலில் நின்று, "வரலாமோ பிள்ளை?" என்று கேட்பார். முதல் வருஷம் கேட்டது போலவே தலை நரைத்த பிறகும் கேட்டார். "இது என்ன கேள்வி, வாங்கண்ணே" என்று ஒவ்வொரு வருஷமும் கோபப்படுவேன். மாரியின் படத்துக்கு நேரே உள்ள நாற்காலியில் மட்டும் அவர் உட்கார்ந்ததே இல்லை. முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு என் பிள்ளைகளின் காலைப் பார்ப்பார். "இவனுக்கு இந்தச் சப்பாத்து பத்தாது. நாளைக்கே மாத்து" என்பார்.

சில வருஷங்களுக்கு முன்னால் என் பேரன் ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். அங்கே கொடுத்த பாதுகாப்புச் சப்பாத்தோடு தீபாவளிக்கு வந்திருந்தான். அண்ணன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எழுத்தே இல்லை. மில்லிமீட்டரில் இரண்டு எண்கள் மட்டும்.

"இது என்ன கணக்குத் தம்பி?" என்றார்.

"மொதல் நம்பர் கால் நீளம் தாத்தா. ரெண்டாவது கால் அகலம். சப்பாத்தோட அளவு இல்ல, நம்ம காலோட அளவு."

"சுத்தளவோ?"

"இல்ல லா தாத்தா, அகலம். இங்கேருந்து இங்க வரைக்கும்" என்று பேரன் தன் பாதத்தின் குறுக்கே விரலால் கோடு போட்டுக் காட்டினான்.

அண்ணன் அந்த இரண்டாவது எண்ணைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். எந்த ஊர்க்காரனும் மாற்றிப் படிக்க முடியாத எண். பிறகு சப்பாத்தைத் தரையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு அழுதார். பேரன் பயந்துபோனான். எங்கள் வீட்டில் அவர் அழுதது அந்த ஒருமுறைதான். "இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு காலமோ, பிள்ளை?" என்று என்னைக் கேட்டார். நான் அதற்கும் சண்டைதான் போட்டேன். வேறு எப்படி அவரைத் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசிக் காலத்தில் அவருக்கு இருதயம் பலவீனம். கால்கள் வீங்கிக் கிடந்தன. சவப்பெட்டியில் வைக்கும்போது மகன் புதுச் சப்பாத்து வாங்கி வந்திருந்தான், அப்பாவின் அளவிலேயே. நுழையவில்லை. சவப்பெட்டி கொண்டுவந்த ஆள் சாதாரணமாக, "ஒண்ணுமில்ல, பின்னாடி வெட்டிட்டுப் போட்டுடலாம். வெளிய தெரியாது" என்று கத்தியை எடுத்தார். நான் அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அவர் காலுக்குப் பொருந்தாதத அவருக்குப் போட விடமாட்டேன்" என்றேன். எல்லாரும் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பார்த்தார்கள். மகன் மட்டும், "அத்தை சொல்றபடி செய்யுங்க" என்றான். அண்ணன் வெறுங்காலோடு போனார். அந்த இரண்டு பாதங்களையும் நான்தான் துடைத்தேன். வாழ்நாள் முழுவதும் எத்தனையோ பேர் காலைப் பிடித்தவர். அவர் காலை ஒருவர் பிடித்தது அன்றைக்குத்தான்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது எங்கள் சண்டை. அது முடியவில்லை. குற்றம் தன்னுடையது என்று அவர் போய்விட்டார். இல்லை என்று நான் இருக்கிறேன். தான் மன்னிக்கப்பட்டவர் என்று நம்பி அவர் ஒரே ஒரு தீபாவளிக்காவது என் வீட்டுக்குள் நுழைந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆற்றாமை இருக்காது. மன்னிக்க என்ன இருந்தது? அதைக்கூட அவர் என்னைச் சொல்ல விடவில்லை. இனி அவர் பக்கத்தைப் பேச அவர் வரமாட்டார். ஆகையால் அதையும் நானே பேசி, நானே மறுத்துக்கொண்டிருக்கிறேன். அடுப்படியில் நிற்கும்போது, "இல்லண்ணே, இல்ல" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். "யார்கிட்ட பேசுறீங்க அத்தை?" என்று மருமகள் எட்டிப் பார்க்கிறாள். நான் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அவள் போன பிறகு மறுபடியும் சொல்கிறேன்.